பிளந்த பாறையின் வலப்பக்கம்

1974-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினோராம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணி. தம் தாயின் சவப்பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி வைத்த அந்த நேரத்தில்தான் தேவசிகாமணி ஞானசுந்தரியை முதன்முதலாகப் பார்த்தார். துக்கத்தில் இருப்பவன் கடிகாரம் பார்ப்பதில்லை. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் ஞானசுந்தரியின் குறிப்பேடு. தாம் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் தேதி, மணி, வானத்தின் நிலை, கேமராவில் வைத்த அளவு ஆகியவற்றை எழுதி வைப்பது அவருடைய பழக்கம்.

ஏற்காட்டு மலையில் உள்ள வெண்பாறை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, இரண்டாகப் பிளந்து நிற்கும் ஒரு பெரும் பாறையின் வலப்பக்கமாக வளைந்து ஏறும். அந்த வளைவில் மட்டும் சில்வர் ஓக் மரங்கள் விலகி நிற்பதால் வானம் திறந்திருக்கும். அங்கே பெட்டியை இறக்கி, மூடியை எடுத்து, தலைமாட்டைச் சற்றே உயர்த்தி, உறவினர் சூழ நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது அந்த லைன்களின் வழக்கம். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு முறையேனும் கேமராவுக்கு முன் நிற்காத பலருக்கு அதுவே முதல் படம்.

அன்று மூன்று கால் ஸ்டாண்டின் பின்னால் குனிந்து நின்றவர் இருபத்துமூன்று வயதுப் பெண். வெள்ளைச் சேலை, கழுத்தில் தொங்கிய, வெளிச்சம் அளக்கும் ஒரு மீட்டர், முகத்தில் கண்டிப்பு.

"ஏனுங்கண்ணா, கொஞ்சம் ஆடாம நில்லுங்க."

தேவசிகாமணிக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "எங்கம்மா செத்துக் கெடக்குறாங்க. அழுதா உனக்கு அதொரு குத்தமா?"

"குத்தமில்லீங்க. இத்தனை பேர்ல உங்கம்மா ஒருத்தங்கதான் அசையாம இருக்காங்க. அவங்க முகம் மட்டுந்தான் தெளிவா விழும். நீங்க அத்தனை பேரும் புகையாத் தெரிவீங்க. பாட்டி பக்கத்துல நிக்கிறது யாருன்னு நாளைக்கு உங்க புள்ளைங்க கேட்டா என்னங்க சொல்வீங்க?"

கூட்டத்தில் யாரோ மூக்கைச் சிந்தியபடியே சிரித்துவிட்டார்கள். ஞானசுந்தரி ஊர்வலத்தோடு வந்திருந்த கோயில் உபதேசியாரைப் பார்த்து, ஒரு சிறு ஜெபம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். உபதேசியார் ஜெபித்தார், கூட்டம் முழுவதும் 'ஆமென்' என்றது. அந்தச் சொல் முடிந்தவுடன் எப்படிப்பட்ட அழுகையும் ஓர் இமைப்பொழுது அடங்கும். யாருடைய தோளும் குலுங்காது. அந்த இமைப்பொழுதில் ஷட்டர் திறந்து மூடிய ஓசையைத் தேவசிகாமணி கேட்டார்.

பிற்காலத்தில் அந்த மலையில் பலர் படம் எடுத்தார்கள். ஆமெனுக்குப் பின் வரும் அமைதியைக் கண்டுபிடித்தவர் ஞானசுந்தரி ஒருவரே.

அவருடைய தந்தை பாக்கியநாதன் தச்சர். மிஷன் பள்ளிக்கு மேசை, நாற்காலியும், தேவைப்பட்டவர்களுக்குச் சவப்பெட்டியும் செய்து கொடுத்தவர். பள்ளியில் அறிவியல் கற்பித்த கன்னியாஸ்திரீ ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது, ஆய்வகத்தைத் துப்புரவாக வைத்திருந்த மாணவியாகிய ஞானசுந்தரியிடம் தம் யாஷிகா கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு கண்கள் உள்ள கேமரா அது. மேல்கண் நாம் பார்ப்பதற்கு; கீழ்க்கண் பிலிமுக்கு. தந்தை பெட்டியோடு துக்க வீட்டுக்குப் போனால், மகள் கேமராவோடு கூடவே போனார். "அப்பன் பெட்டி போடறான், மக படம் போடறா, அந்த ஊட்டைத் தாண்டி ஒரு பொணமும் போக முடியாது" என்று லைன்களில் கேலி பேசினார்கள். கேலி பேசியவர்கள் வீட்டுச் சுவர்களிலும் பின்னாளில் அவர் எடுத்த படங்களே தொங்கின.

பத்து நாள் கழித்துப் படத்தை வாங்கப் போன தேவசிகாமணி, அதை வெளிச்சத்தில் பிடித்து ஓரம் ஓரமாகப் பார்த்தார். தாயின் முகத்தில் அம்மைத் தழும்புகள் தெரிந்தன. மூன்றாம் வரிசையில் நின்ற சித்தப்பாவின் மீசை தெரிந்தது. அவருக்கும் பின்னால் பாறையின் பிளவில் முளைத்திருந்த பெரணிச் செடியின் இலைகளைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது. தேவசிகாமணி அப்போது எஸ்டேட்டில் ஆள் வருகைக் கணக்காகிய செக்ரோல் எழுதும் ரைட்டர், முப்பத்தேழு வயது, எதையும் வரிசையாகத் தெரிந்துகொண்டால்தான் மனம் அமையும் இயல்பினர்.

"சேலத்துல எடுத்த என் கல்யாணப் படத்துல மூஞ்சி மட்டுந்தான் தெரியுது, பின்னால எல்லாம் மசமசன்னு இருக்குது. இதுல மட்டும் எப்படீங்க அம்மிணி எல்லாமே தெரியுது?"

"தூரத்துல வர்ற பஸ்ஸோட போர்டைப் படிக்கக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பீங்கல்ல? அதேதாங்க. கேமராக் கண்ணுக்குள்ள ஒரு துளை இருக்குது. அதை நொம்பச் சின்னதாக்கிட்டா கிட்ட நிக்கிறதும் தெளிவாத் தெரியும், எட்ட நிக்கிறதும் தெளிவாத் தெரியும்."

"அப்புறம் ஏன் எல்லாரும் அப்படியே எடுக்கறதில்லை?"

"வெளிச்சம் பத்தாதுங்களே. நீங்க காப்பிக் கொட்டை காயப்போடறீங்க. நல்ல வெயிலுன்னா எத்தனை நாள்?"

"ஒரு வாரம், எட்டு நாள்."

"மூட்டமா இருந்தா?"

"ரெண்டு வாரங்கூட இழுக்கும்."

"பிலிமும் அப்படித்தானுங்க. துளையைச் சின்னதாக்கினா உள்ள வர்ற வெளிச்சம் கொறையும். அதனால அதிக நேரம் காயப்போடணும். அதிக நேரம்னா உங்களுக்கு அரை வினாடி. அந்த அரை வினாடிக்குத்தான் உங்களை ஆடாம நிக்கச் சொன்னேன்."

ஒரு கல்லூரிப் பாடம் இதைவிடச் சுருக்கமாக அமைந்திருக்க முடியாது என்று தேவசிகாமணி பல ஆண்டுகளுக்குப் பிறகும் பெருமையோடு சொல்வார். எஸ்டேட் சொல்லிலேயே அவருக்குக் கேமரா விளங்கிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மீண்டும் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். பாக்கியநாதனின் தச்சுப் பட்டறையை ஒட்டியிருந்த சிறிய அறையின் சன்னலில் கறுப்புத் துணி அடித்து, சிவப்பு விளக்குப் போட்டு, ஞானசுந்தரி அதையே டார்க் ரூமாக வைத்திருந்தார். தேவசிகாமணியின் மனைவி தேவகுமாரியும் இரண்டொரு முறை வந்து பார்த்துவிட்டு, "சாராயக் கடைக்குப் போகாம மருந்துத் தண்ணியில கைய நனைக்கிறாரு, போகட்டும்" என்று தீர்ப்பளித்துவிட்டார்.

ஏற்காட்டு மூட்டத்தை வென்றதுதான் ஞானசுந்தரியின் பெரும் புகழுக்குக் காரணம். சமவெளியிலிருந்து விலையுயர்ந்த கேமராக்களோடு வந்தவர்களெல்லாம் இங்கே ஒரே தவற்றைச் செய்தார்கள். வெண்மூட்டத்தின் நடுவே மணமக்களை நிறுத்தி, மீட்டர் காட்டிய அளவை அப்படியே வைத்து எடுப்பார்கள். பிரிண்ட் வரும்போது மூட்டம் சாம்பலாகவும், மணமக்கள் கரிக்கட்டையாகவும் இருப்பார்கள். "மீட்டருக்கு மூட்டம்னு தெரியாதுங்க. எதிர்ல வெள்ளையா இருந்தா, வெளிச்சம் கொள்ளையா இருக்குதுன்னு நெனைச்சுக்கும்" என்பார் ஞானசுந்தரி. மீட்டரை மூட்டத்துக்குக் காட்டாமல், எதிரே நிற்பவரின் கன்னத்தருகே கொண்டுபோய்ப் பிடித்து அளந்துகொள்வார். அவர் படங்களில் கறுத்த முகம் கறுத்த முகமாகவே இருந்தது. ஆனால் அந்தக் கறுப்பில் சுருக்கமும் சிரிப்பும் தெரிந்தன. நெகட்டிவில் பென்சில் தீட்டி முகத்தை வெளுப்பாக்கித் தரும்படி கேட்டவர்களிடம், "வேற யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க, அவங்களை எடுத்துத் தரேன்" என்பார். சேர்வராயன் கோயில் திருவிழாக் கடைவீதியில் அவர் எடுத்த படம் ஒன்றைக் கண்டு, சேலத்து ஸ்டூடியோக்காரர் ஒருவரே அளவு கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனதுண்டு. 'ஞானசுந்தரி கையில் தப்பு வராது' என்ற பேச்சு மலைமேல் தலைச்சோலையிலிருந்து அடிவாரம் வரை பரவியிருந்தது. அந்தப் பேச்சை அவர் மறுத்ததில்லை. உள்ளூர மகிழ்ந்தார் என்பதே உண்மை.

இறுதி ஊர்வலங்களில் தேவசிகாமணி ஸ்டாண்டைத் தூக்கி வந்து நிறுத்துவார். கேமராவின் மேலே உள்ள கண்ணாடியில் குனிந்து பார்த்து, பெட்டியும் கூட்டமும் பாறையும் சட்டத்துக்குள் அமைந்திருக்கின்றனவா என்று சொல்வார். அந்தக் கண்ணாடியில் உருவம் இடவலம் மாறித் தெரியும். வலப்பக்கம் நிற்பவர் இடப்பக்கம் நகர்ந்தால், கண்ணாடியில் எதிர்ப்பக்கமாகப் போவார். தொடக்கத்தில் தலை சுற்றினாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அவருக்கு அது பழகிவிட்டது. சொல்லப்போனால், பாறை வளைவை ஒரு படமாக அவர் கண்டதெல்லாம் அந்தக் கண்ணாடியில்தான்.

1986-ஆம் ஆண்டின் நடுவில் வெண்பாறை எஸ்டேட்டுக்குப் புதிய மேனேஜர் வந்தார். வந்த மூன்றாம் மாதத்தில் பாறை வளைவில் முள்கம்பி இழுக்கப்பட்டது. பாதையைக் கொத்திக் குழி எடுத்துக் காப்பிக் கன்றுகள் நடப்பட்டன. லைன் மக்கள் கேட்டபோது, அங்கே என்றுமே பாதை இருந்ததில்லை என்றும், எஸ்டேட் வரைபடத்தில் அப்படி ஒரு கோடே இல்லை என்றும் மேனேஜர் சொன்னார். கம்பிக்கு அப்பால் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டமும், அதை ஒட்டி இந்துக்களின் இடுகாடும் இருந்தன. இனி தார் ரோட்டைச் சுற்றி எட்டு மைல் போக வேண்டும்.

கம்பி போட்டபின் முதலில் இறந்தவர் லைனில் குடியிருந்த வெள்ளையம்மாள் என்பவரின் கணவர். கொட்டும் மழையில் அவரை டிராக்டரில் ஏற்றிச் சுற்றிக்கொண்டு போனார்கள். வளைவுகளில் உடல் உருளாமலிருக்க இரண்டு பக்கமும் உரமூட்டைகளை அண்டை கொடுத்திருந்தார்கள். அதைக் கண்ட நாளில்தான், தோட்டத் தொழிலாளர்களாகிய மஸ்தூர்களின் சங்கத் தலைவர் கருப்பண்ணன் தாசில்தாருக்கு மனு எழுதுவதென்று முடிவு செய்தார்.

"பாதை இருந்துச்சுன்னு நாம நூறு பேர் சொல்லலாம், இல்லைன்னு அவங்க ஒரு மேப்பை நீட்டுவாங்க. பேப்பருக்குப் பேப்பர்தாங்க வேணும்" என்றார் கருப்பண்ணன்.

ஞானசுந்தரி தம் நெகட்டிவ் பெட்டியைத் திறந்தார். பதின்மூன்று ஆண்டுகளில் அந்த வளைவில் எடுக்கப்பட்ட படங்கள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றும் தேதியோடு, மணியோடு, எண்ணெய்த் தாள் உறைக்குள் பத்திரமாக இருந்தது. கூட்டத்தின் கடைசி வரிசையும் தெளிவாக விழவேண்டும் என்பதற்காகத் துளையைச் சுருக்கி எடுத்த படங்கள் ஆகையால், பின்னாலிருந்த பாறையும், அதைச் சுற்றி ஏறிய பாதையும், பாதையில் பதித்திருந்த படிக்கற்களும் ஒவ்வொன்றிலும் விழுந்திருந்தன. அவற்றுள் 1975, 1979, 1984 ஆகிய ஆண்டுகளின் மூன்று படங்களைப் பெரிதாக்கி மனுவோடு சேர்ப்பதென்று முடிவாயிற்று.

தேவசிகாமணியின் தாயின் படத்தை எடுக்கலாமே என்று கருப்பண்ணன் கேட்டபோது ஞானசுந்தரி மறுத்துவிட்டார். "அதுல ரைட்டரண்ணன் நடுவுல நிக்கிறாரு. உங்களுக்குச் சங்கம் இருக்குது. அவருக்கு யாரு இருக்காங்க? குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னா மூணு புள்ளைங்களோட எங்க போவாரு?"

இதைக் கேட்டுக்கொண்டு அருகில் நின்ற தேவசிகாமணி, வெளிப்படையாகச் சாட்சி சொல்லும் துணிவு தமக்கு இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். தம்மால் இயன்றது, ஞாயிற்றுக்கிழமைகளில் யாருக்கும் தெரியாமல் டார்க் ரூமில் கை கொடுப்பது மட்டுமே. இரண்டு பிரிண்ட்களை ஞானசுந்தரி முடித்திருந்தார். மனு கொடுப்பதற்கு முந்தைய ஞாயிறன்று பிற்பகல் அடிவாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்க வேண்டியிருந்ததால், 1979-ஆம் ஆண்டுப் படத்தை மட்டும் தேவசிகாமணியிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார். மனுவைத் திங்கட்கிழமை காலையில் கொடுத்தாக வேண்டும்.

தேவசிகாமணி நெகட்டிவைப் படம் பெரிதாக்கும் என்லார்ஜரில் செருகினார். கீழே பலகையில் உருவம் தலைகீழாக விழுந்தது. பாறை விழுந்தது; பாதை விழுந்தது. ஆனால் ஏதோ ஒன்று அவர் மனத்தில் நெருடியது. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தாம் குனிந்து பார்த்த படம் இப்படியா இருந்தது? இல்லை, பக்கம் மாறியிருக்கிறது. நெகட்டிவின் மருந்து பூசிய மங்கல் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்று ஞானசுந்தரி ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். அன்று தேவசிகாமணி விதியை நம்பவில்லை. தம் நினைவை நம்பினார். நெகட்டிவைத் திருப்பிப் போட்டார். நெருடல் நீங்கியது. மனநிறைவோடு பிரிண்ட் எடுத்து, கழுவி, உலர்த்தி வைத்தார். மறுநாள் விடிந்ததும் கருப்பண்ணன் வந்து, பாக்கியநாதனிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஞானசுந்தரி அதைப் பார்க்கவே இல்லை.

1987 மார்ச் மாதத்தில், காப்பி பூத்துக் காடெல்லாம் வெளுத்திருந்த ஒரு காலை, பாறை வளைவிலேயே தாசில்தார் விசாரணை நடத்தினார். மேசை, நான்கு நாற்காலி. ஒருபுறம் லைன் மக்களும் ஞானசுந்தரியும். மறுபுறம் மேனேஜர், அவருடைய வக்கீல், வரைபடச் சுருளைக் கையில் பிடித்தபடி தேவசிகாமணி. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததற்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். அப்படி நன்றி சொன்னதற்காக வெட்கப்பட்டார்.

வக்கீல் மூன்று படங்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தார்.

"1975-இல் பாதை பாறைக்கு ஒரு பக்கம். 1984-லும் அதே பக்கம். நடுவில் 1979-இல் மட்டும் மறுபக்கம். ஏம்மா, பாறை எழுந்து போய்க் காலாற நடந்துவிட்டுத் திரும்பி வந்ததா?"

மேனேஜர் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. ஞானசுந்தரி படத்தின்மேல் குனிந்தார். தேவசிகாமணியும் எட்டிப் பார்த்தார். பார்த்த கணமே அவருக்கு விளங்கிவிட்டது. கேமராக் கண்ணாடியில் இடவலம் மாறிக் கண்ட பாறையையே நேரானதென்று நம்பியிருந்தார். வரைபடச் சுருள் கையிலிருந்து நழுவியது.

"இந்த மலையில் பிளந்த பாறைக்கா பஞ்சம்?" என்று வக்கீல் தொடர்ந்தார். "வெவ்வேறு இடங்களில் எடுத்த படங்களை ஒரே இடம் என்று காட்டியிருக்கிறார்கள். இதை ஆதாரமாக ஏற்கக் கூடாது."

தாசில்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பார்த்தா அவர் சொல்றது சரியாத்தான் இருக்குதும்மா. இந்தப் படங்களை நம்பி நான் எப்படி எழுதறது?"

அந்த நேரத்தில் வெள்ளையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தார். அது அவருடைய மாமியாரின் இறுதி ஊர்வலப் படம்.

"அட சாமி, இதென்ன கூத்து! என் மாராப்பு வலது தோள்ல கெடக்குது. நான் எந்தக் காலத்துலீங்க அப்படிப் போட்டேன்?"

"இந்தப் பக்கத்துக் கிழவிகள் வலது தோளில் போடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்றார் வக்கீல்.

"கெழவியா? அப்போ எனக்கு முப்பத்தாறு வயசுங்க! ஏனுங்க, உங்க ஊட்டுல முப்பத்தாறு வயசுக்காரிக்குப் பேரு கெழவிங்களா?"

தாசில்தாரே சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் ஞானசுந்தரி நிமிர்ந்தார்.

"மாராப்பை உடுங்க ஐயா. ஆம்பளைங்க சட்டையைப் பாருங்க. இந்தப் படத்துல சட்டை போட்டவங்க ஒம்பது பேரு. ஒம்பது பேருக்கும் பை வலது நெஞ்சுல இருக்குதுங்க. எந்தத் தையக்காரருங்க வலது பக்கம் பை வெச்சுத் தைப்பாரு?"

தாசில்தார் தம் இடது நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அங்கே பேனா இருந்தது. படத்தைக் கையில் எடுத்து, ஒவ்வொரு பையாக விரல் வைத்து எண்ணினார்.

ஞானசுந்தரி உறையிலிருந்து நெகட்டிவை எடுத்து, ஓரத்தை இரு விரலால் பிடித்து, வானத்துக்கு எதிராக உயர்த்தினார். "பிலிமோட ஓரத்துல கம்பெனிக்காரங்களே எண்ணு அச்சடிச்சிருக்காங்க. அந்த எண்ணு எந்தப் பக்கம் நேராப் படிக்க வருதோ, அந்தப் பக்கந்தான் ஐயா நெசம். இப்போ பாருங்க. எண்ணு நேரா இருக்குது. பாதை எந்தப் பக்கம் இருக்குது?"

தாசில்தார் நெகட்டிவையும், மற்ற இரண்டு படங்களையும், எதிரே நின்ற பாறையையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணும் ஒண்ணுதான்" என்றார்.

வக்கீல் அவ்வளவு எளிதில் விடுகிறவர் அல்லர். அவருடைய குரல் மென்மையாயிற்று. "அப்படியானால் நெகட்டிவ் திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. பதின்மூன்று வருடமாகத் தப்பே வராத கை என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அந்தக் கையா இப்படிச் செய்தது? உங்கள் அறைக்குள் வேறு யாராவது வருவதுண்டா அம்மா? யார் யார் கை பட்ட நெகட்டிவ் இது? அதைச் சொல்லிவிட்டால் போதும்."

தேவசிகாமணியின் கால்கள் எழுந்திருக்க முயன்றன. நாற்காலி கிறீச்சிட்டது. மேனேஜர் திரும்பி அவரைப் பார்த்தார். ஞானசுந்தரியும் அவரைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. ஊர்வலத்தில் ஆடாமல் நிற்கச் சொல்லும்போது பார்ப்பாரே, அதே கண்டிப்பான பார்வை. தேவசிகாமணி உட்கார்ந்துவிட்டார்.

"வேற யாரும் தொடலீங்க" என்றார் ஞானசுந்தரி. "நானேதான் போட்டேன். மங்கல் பக்கம் கீழ இருக்கணும். மேல வெச்சுப் போட்டுட்டேன். என் தப்புதாங்க. எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்."

தாசில்தார் எழுதினார். ஞானசுந்தரி ஒவ்வொரு சொல்லையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

இருபது நாளில் உத்தரவு வந்தது. பாதை இருந்ததற்கு மூன்று புகைப்படங்களும் அவற்றின் நெகட்டிவ்களும் ஆதாரம் என்று அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. முள்கம்பியைச் சுருட்டிய நாளில் லைன்களில் வேலைக்குப் போனவர் யாருமில்லை. காப்பிக் கன்றுகளை ஒன்றுகூடச் சாகாமல் வேர்மண்ணோடு பெயர்த்து எஸ்டேட் நர்சரியில் கொண்டுபோய் வைத்தவர்கள் அதே மக்கள்தாம். மண்ணுக்கடியிலிருந்து பழைய படிக்கற்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டபோது, கருப்பண்ணன் படத்தைக் கையில் பிடித்தபடி, "இந்தக் கல்லு, இந்தா இந்தக் கல்லுதான்!" என்று கூவினார். இம்மியளவும் இடம் பிசகாமல் கற்களைப் படத்தில் கண்டபடியே பதித்தார்கள். அவர்களுக்கு நடுவே வரைபடச் சுருள் இல்லாமல், மண்வெட்டியோடு தேவசிகாமணி நின்றார். தம் வாழ்நாளில் அன்றுபோல் நெஞ்சு நிமிர்ந்ததில்லை என்று அவர் பின்னர் சொன்னார். அந்த நிமிர்வுக்குள் ஒரு முள்ளும் இருந்தது.

வென்ற வழக்கை விட, செய்த தப்பைப் பற்றிப் பேசுவதே ஊருக்கு இனிப்பாக இருந்தது. "ஞானசுந்தரி கையிலயும் தப்பு வந்துருச்சாமே!" என்று சந்தைக்கடையில் சிரித்தார்கள். அந்த ஆண்டு பள்ளிக்கூட வகுப்புப் படங்களை எடுக்கும் வேலை வேறொருவருக்குப் போயிற்று. "பசங்க எல்லாம் இடது கையில எழுதறாப்புல வந்துட்டா?" என்று ஒருவர் வேடிக்கையாகச் சொன்னாராம். ஞானசுந்தரியும் கூடவே சிரித்தார். "ஆமாங்க, ஒரு தடவை மாத்திப் போட்டேன். பாதை மாறலையே!" என்பார்.

விசாரணைக்கு அடுத்த ஞாயிறே தேவசிகாமணி டார்க் ரூம் வாசலில் போய் நின்றார். சொல்ல நினைத்ததையெல்லாம் வரும் வழியில் கோவையாக அமைத்துக்கொண்டு வந்திருந்தார். ஞானசுந்தரி அவர் வாயைத் திறக்கவே விடவில்லை. ஒரு நெகட்டிவை அவர் கையில் கொடுத்து, "எந்தப் பக்கம் மங்கல்?" என்று கேட்டார்.

"இந்தப் பக்கம்."

"அது எங்க இருக்கணும்?"

"கீழ."

"அவ்வளவுதாங்கண்ணா. உள்ள வாங்க, மருந்து ஆறிடும்."

பிறகு எட்டு ஆண்டுகள் ஓடின. அந்த எட்டு ஆண்டுகளில் பாறை வளைவில் இறக்கி வைக்கப்பட்ட பெட்டிகளும் பாடைகளும் முப்பத்திரண்டு. கல்லறைத் தோட்டத்துக்கும் இடுகாட்டுக்கும் போன அத்தனை பேரும் தங்கள் சொந்தப் பாதையில் போனார்கள். 1995-ஆம் ஆண்டு மே மாதத்தில் தேவசிகாமணி ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்த அன்றே, வழியில் எங்கும் நிற்காமல் ஞானசுந்தரியின் வீட்டுக்குப் போனார்.

"அம்மிணி, இனிமே எனக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன். அந்தப் பிரிண்ட்டைப் போட்டது நானுன்னு. எட்டு வருசமா என் தப்பை நீங்க தலையில சுமந்துட்டு இருக்கீங்க."

ஞானசுந்தரி புதிய பிலிமைக் கேமராவில் ஏற்றிக்கொண்டிருந்தார். சுருளின் நுனியைச் சரியாகச் செருகிவிட்டு நிமிர்ந்தார்.

"உத்தரவுல என் வாக்குமூலம் இருக்குதுங்கண்ணா. நானேதான் போட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். இன்னிக்கு நீங்க எந்திரிச்சு 'நான்தான்'னு சொன்னா, அன்னிக்கு நான் பொய் சொன்னேன்னு ஆயிடும். ஒண்ணு பொய்யின்னா மத்ததும் பொய்யின்னு அந்த வக்கீலு மறுபடியும் கெளப்புவாரு. உங்களுக்கு மனசு லேசாகும். அவங்களுக்குப் பாதை போயிடும். எது வேணும் உங்களுக்கு?"

தேவசிகாமணி வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அப்படியே இருக்கட்டுங்க" என்று சொல்லி, ஞானசுந்தரி கேமராவின் பின்மூடியை அழுத்தி மூடினார்.

தேவசிகாமணி பட்ட அந்தக் கடன் தீர்க்கப்படவில்லை. அதன் பின்னரும் அவர்கள் பல ஞாயிறுகளில் சந்தித்தார்கள், படங்களைப் பற்றிப் பேசினார்கள், வாதாடினார்கள். தமக்கு வர வேண்டியதாகிய, ஊரார் முன் 'நான்தான்' என்னும் அந்த ஒரு சொல்லை ஞானசுந்தரி ஒருநாளும் கேட்கவில்லை.